இருபதுக்குப் பத்து

பென்டிரைவில் வந்தாள் மாதா.
எஸ்தாக்கி அண்ணன் சட்டைப் பையில்
பீடித் தூளோடு கிடந்தவளை
துடைத்துவிட்டுச் செருகினேன்.
"இத்தாலிப் படம். ஐந்நூறு வருசப் பழசு.
சாமியாரே தேடி எடுத்தாரு.
ஒண்ணே ஒண்ணு, தங்கச்சி"
திரையைப் பார்க்காமல்
சுவரிலிருந்த ரேட்டு அட்டையிடம் சொன்னார்:
"அந்த எடத்த மட்டும் கொஞ்சம் மூடிக் குடுத்துடு.
மார்க்கெட் முக்குல நிக்கப் போற பேனரு."

அந்த இடம்.

நானூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன்.
பவுடர் பூசிய கழுத்தில்
வியர்வை கிழித்த கோடுகளாய்
வண்ணமெங்கும் வெடிப்பு.
கழுத்தெலும்புக்குச் சற்றே கீழே
யாரோ மறந்து வைத்துப் போன
எலுமிச்சம்பழம் போல ஒற்றை மார்பு.
வரைந்தவர்
பிள்ளை பால் குடித்துப் பக்கத்தில் பார்த்ததில்லை.
ஆனால் விரல்கள் சரி.
இரண்டு விரல் இடுக்கில் காம்பை ஒதுக்கி
குழந்தைக்கு மூச்சு முட்டாமல் பிடித்திருக்கிறாள்.
அதை யாரோ ஒருத்தி
அவருக்குச் செய்து காட்டியிருக்கிறாள்.

மணி பதினொன்றரை.
என் உடம்புக்குக் கடிகாரம் வேண்டாம்.
கொருக்குப்பேட்டையில் நாத்தனார் மடியில்
நாலு மாதத்தவன் இந்நேரம் சிணுங்குவான்,
ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
எனக்குக் கல்லாகும்.
ஃபிளெக்ஸ் சுருள்களுக்குப் பின்னால்
மை நெடியில் மூச்சடக்கி
வாஷ்பேசினில் பிழிந்துவிட்டு
குழாயைத் திறந்துவிட்டேன்.
வெள்ளை போக நேரமாயிற்று.

திரும்பி வந்து நீலம் எடுத்தேன்,
வேறெங்கிருந்தும் இல்லை,
அவள் முக்காட்டிலிருந்தே.
ஒரு மடிப்பை நகலெடுத்து
தோளிலிருந்து இழுத்து
ஓரத்தை மழுக்கி
நிழல் கொடுத்து.
பத்து நிமிட வேலை.
"அடக்கமா வந்திருக்கு" என்றார் முதலாளி.

குழந்தை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது,
துணியை.

அந்தப் பார்வை வேறு.
தாயைப் பார்க்காமல் நம் பக்கம் திரும்பி,
சாப்பிடும்போது கதவு தட்டியவரைப்
பார்ப்பது போல.
இன்னொரு கையில் ஒரு குருவி,
காலில் நூல் கட்டி.
குருவியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

"வாய் ஏன் அப்பிடித் தொறந்து கெடக்கு?"
எஸ்தாக்கி அண்ணன் இப்போதுதான்
முழுசாகப் பார்த்தார்.
"செபம் சொல்லுதுண்ணே."
யோசித்தார்.
நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.
முன்பணம் எண்ணி வைத்தார்.

தங்கம் எங்கள் மெஷினுக்கு வராது.
மஞ்சளில் கொஞ்சம் சிவப்பைத் தட்டினால்
கடுகு நிறத்தில் ஒரு வட்டம், அவ்வளவுதான்.
பட்டை பட்டையாக இறங்கினாள்:
வட்டம், வகிடு,
தூக்கம் போதாத இமைகள்,
பிறகு நான் இழுத்துவிட்ட நீலம்.
அந்த நேரம் பார்த்து
எனக்கு மறுபடி கசிந்தது.
துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டேன்.
என்னுடையது பச்சை.

மை காய்வதற்குள் சுருட்டாதீர்கள் என்றேன்.
சுருட்டிவிட்டார்கள்.
மீன்பாடி வண்டியில் கால்மாடு தலைமாடு தெரியாமல்
இருபதடி மாதா ராயபுரம் போனாள்.

"அந்த ஃபைலை அழிச்சிடு, எடமில்ல" என்றார் முதலாளி.
அதில் லேயருக்குப் பக்கத்தில்
குட்டியாய் ஒரு கண் இருக்கும்.
மூடினால் நீலம் போகும்,
திறந்தால் வரும்.
ஒரு தரம் மூடிப் பார்த்தேன்.
குழந்தைக்குக் கிடைத்தது.

அழிக்கவில்லை.
பழைய கல்யாண பேனர்களுக்கு நடுவே
வேறு பேரில் போட்டு வைத்தேன்.

ஆறரைக்குக் கேட்டு போட்டிருந்தது.
கூட்ஸ் வண்டி.
இந்தப் பக்கம் நான்.
நாற்பத்தியொரு பெட்டி வரை எண்ணினேன்,
இன்னும் வந்துகொண்டிருந்தது.